சாண் சாணாகக் கடலை நோக்கி

முதல் சாண் நகர்ந்தது ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஜெபம் முடிந்து, உலையில் சோறு இன்னும் ஒரு கொதி பாக்கியிருந்த நேரத்தில்; நகர்ந்தது கர்டோசா வளவின் ஏழாம் வீட்டுக் கிழக்குச் சுவர்; நகர்த்தியது மூன்று வயது ஜூடித், அதுவும் மூக்கு ஒழுகிக்கொண்டு.

கர்டோசா வளவு என்பது தூத்துக்குடியில் கடலுக்குப் போகும் கடைசித் தெருவில், ஒரே முற்றத்தையும் ஒரே கிணற்றையும் ஒரே வாய்ச்சண்டையையும் ஏழு குடும்பங்கள் பங்குபோட்டுக்கொண்ட இடம். ஏழாம் வீடு கடைசி வீடு. அதன் கிழக்குச் சுவருக்கு அப்பால் மணல், மணலில் காயும் வலைகள், கரையேற்றி வைத்த வள்ளங்கள், சிலுவை நட்ட சின்னக் கோயிலாக ஒரு குருசடி, அதற்கும் அப்பால் கடல். வீடு என்று பெரிய பேச்சுத்தானே தவிர உள்ளே பத்துக்கு எட்டில் ஓர் அறை. அந்த அறையில் எமல்டா, சரக்குத் தோணியில் சுக்கான் பிடிக்கும் அவள் புருஷன் கிளாட்வின், ஒன்பது வயது ரெனிட்டா, ஆறு வயது டெரன்ஸ், கடைக்குட்டி ஜூடித், ஒரு மாதா சுரூபம், ஓர் அடுப்பு, கால் ஆடும் தையல் மெஷின் ஒன்று. படுத்தபின் ஒருவர் திரும்ப நினைத்தால் ஐந்து பேரும் கலந்து பேசித்தான் திரும்ப வேண்டும்.

எமல்டா கன்னியர் மடத்து போர்டிங்கில் படித்தவள். அங்கே சாப்பாட்டு மணி அடித்த பின்னும், ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று அன்றைக்குக் கிடைத்த நன்மை ஒன்றைச் சொல்லி நன்றி கூறினால்தான் தட்டில் சோறு விழும். நூற்றிருபது பிள்ளைகள் சொல்லி முடிப்பதற்குள் குழம்பு ஆறி மேலே ஆடை கட்டியிருக்கும். அந்த மடத்தை எவ்வளவு திட்டினாளோ அவ்வளவு கண்டிப்பாக அந்த வழக்கத்தைத் தன் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள், பக்தி மேலீட்டால் அல்ல, பசியில் கத்தும் மூன்றையும் சோறு வடிகிறவரை உட்காரவைக்க வேறு வழி தெரியாததால். ஜெபமாலை முடிந்ததும் இளையவரில் தொடங்கி மூத்தவர் வரை ஆளுக்கு ஒரு நன்றி. இழுக்கக்கூடாது, அழக்கூடாது, அடுத்தவர் நன்றிக்குச் சிரிக்கக்கூடாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜூடித், "நேத்து அப்பா கால் எம்மேல விழுந்துச்சு. இன்னைக்கு விழல. நன்றி ஏசப்பா," என்றாள். கிழக்குச் சுவர், மாட்டு வண்டி சரளைக்கல்லில் ஏறுவதுபோல ஒரு சத்தம் போட்டு, ஒரு சாண் வெளியே தள்ளி நின்றது. மேலே ஓடுகளும் ஒரு சாண் கூடிக்கொண்டன. சுவரோரத்தில் இதுவரை யாரும் மிதிக்காத மணல் ஒரு கோடாகத் தெரிந்தது.

எமல்டா அதைப் பார்த்தாள். "டெரன்ஸ், அடுத்து நீதான், சீக்கிரம் சொல்லு, சோறு குழையுது," என்றாள்.

அதன்பின் வீடு வளர்ந்தது. தினமும் அல்ல, சொன்னவர் மனதாரச் சொன்ன நாட்களில் மட்டும். டெரன்ஸ் கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல் வந்ததற்கு நன்றி சொன்ன அன்று ஒரு சாண். ரெனிட்டா, பள்ளிக்கூடத்தில் யாரும் தன் கிழிந்த பையைப் பார்க்காததற்கு நன்றி சொன்ன அன்று ஒன்றரைச் சாண், எமல்டா அன்றே உட்கார்ந்து பையைத் தைத்துக் கொடுத்தாள். எமல்டாவின் நன்றிக்கு எப்போதும் நாலு விரற்கடைதான், ஏனென்றால் அவள் பாதி நன்றியைச் சொல்லும்போதே எழுந்து அடுப்புக்குப் போய்விடுவாள். தென்மேற்குக் காற்றுக் காலம் என்று தோணிகளைக் கரையில் கட்டிப்போட்டிருந்த மாதங்கள் அவை. கிளாட்வின் வீட்டில் இருந்தான். ஒரு நாள் அவன் கைகூப்பிக்கொண்டு, "எம் பொண்டாட்டி வாய்க்கு நன்றி ஆண்டவரே. நடுக்கடல்ல இருக்கும்போது அந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வர மாட்டேங்கு," என்றான், சுவர் ஒரே மூச்சில் இரண்டு சாண் போனது. எமல்டா அவன்மேல் அகப்பையை எறிந்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை எடுத்துக் கழுவினாள்.

வளவு இதை முதலில் அளந்தது. முதல் வீட்டு கொர்னேலி அக்கா தினமும் காலையில் வந்து தன் கையால் சாண் போட்டுப் பார்த்து, ஏழு வீட்டுக்கும் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்த்தாள். அளந்தபின் பொறாமைப்பட்டது. பொறாமைப்பட்டது போதும் என்று தோன்றியபின் ஜெபித்தது. ஏழு மணி ஆனால் ஏழு வீட்டிலும் நன்றி, நன்றி என்று ஒரே முழக்கம், தெருவில் போகிறவர்கள் யாரோ பெரிய மனிதருக்குப் பாராட்டு விழா என்று நினைத்தார்கள்.

"எம் மவன் பாஸானதுக்கு முழந்தாள் போட்டு நன்றி சொன்னேம்டி," என்றாள் கொர்னேலி அக்கா. "சுவரை விடு, சுவத்துல இருந்த பல்லி நகரல."

"கண்ணைச் சுவத்துலயே வச்சுக்கிட்டுச் சொன்னா எப்படிக்கா நகரும்? நீங்க நன்றியா சொன்னீங்க? ஆர்டர்லா கொடுத்திருக்கீங்க."

"பாத்தியா, வாயப் பாத்தியா! இவ வீடு வளருதுன்னா அது இவளால இல்ல, அந்தப் பச்சப்புள்ளைகளால."

"அதைத்தான் நானும் சொல்லுதேன். பிள்ளைகளைக் கிள்ளாம போங்க."

வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் நாடாவோடு வந்து செவ்வாயன்று ஓர் அளவும் வியாழனன்று இன்னோர் அளவும் எடுத்தார். மூன்றாம் தடவை ஜெப நேரத்தில் வந்துவிட்டதால் அவர் கையில் பிடித்திருக்கும்போதே நாடா இழுபட்டது. அவர் நோட்டில் 'பிறகு பார்க்கவும்' என்று எழுதி, டீ குடித்துவிட்டுப் போனார். பங்குச்சாமியார் சூசைநாதர் வந்து சுவரைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். "புதுமை, அற்புதம்னெல்லாம் நான் சொல்லக் கூடாது, அதை ஆயர் இல்லம்தான் சொல்லணும். ஆனா கிழக்க ஒரு ஜன்னல் வச்சுக்கங்கம்மா, நல்ல காத்து வரும்," என்றார். கிளாட்வின் ஜன்னல் வைத்தான்.

செப்டம்பரில் ஜூடித்தின் கறுப்புக் கோழி மாதா பிறந்தநாளுக்குக் குழம்பானது. கோழி எங்கே என்று அவள் கேட்டபோது, அது அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கு என்றான் கிளாட்வின். அன்று மாலை ஜூடித் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "எங் கோழி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருச்சு, அங்க நெறைய புழு கெடைக்கும், நன்றி ஏசப்பா," என்றாள். சுவர் முழுசாக ஒரு சாண் நகர்ந்தது. கிளாட்வின் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனான். எமல்டா சிரிக்கவில்லை. சுவருக்கு வெளியே நடப்பது எதுவும் அந்தச் சுவருக்குத் தெரியாது, சொல்கிறவர் நெஞ்சுக்குள் இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும் என்று அன்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதை யாரிடமும் சொல்லவில்லை, அடுப்பில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி 'சகாயமாதா' தோணி வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் புறப்பட்டது. தோணியின் தலைவனான தண்டலோடு சேர்த்து ஆறு பேர். சுக்கானில் கிளாட்வின், கடைசி ஆளாக, அடுத்த தெரு வியாகுலத்தின் ஒரே மகன் அமலன், பத்தொன்பது வயது, முதல் நடை.

நவம்பர் ஆறாம் தேதி, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது, தோணிச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஆண்கள் முற்றத்திலேயே செருப்பைக் கழற்றுவது எதற்கென்று அந்தத் தெருப் பெண்களுக்குத் தெரியும். குமரிக்குத் தெற்கே புயல் என்றார்கள். கப்பலும் விமானமும் ஒன்பது நாள் தேடிவிட்டு நிறுத்திவிட்டன என்றார்கள். இரண்டு பலகையும் ஒரு தண்ணீர்ப் பீப்பாயும் கிடைத்தன, பீப்பாயில் தோணியின் பெயர் இருந்தது என்றார்கள். எமல்டா, "சரி," என்றாள். "டீ குடிக்கீங்களா?" என்றாள். அவர்கள் வேண்டாம் என்றபோது, வேண்டாம் என்றால் விடுகிற வழக்கம் இல்லாதவள், விட்டுவிட்டாள்.

அன்று ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தாள். முற்றம் முழுக்க ஆட்கள் நின்றார்கள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. ஆனால் வழக்கப்படி முதல் முறை ஜூடித்துடையது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல், "கடல் எங்கப்பாவைப் பத்திரமா வச்சிருக்கு, நன்றி ஏசப்பா," என்றாள், சுவர் இரண்டு சாண் போனது.

"உசுரோட இருக்காவ!" என்று முற்றத்திலிருந்து கொர்னேலி அக்கா அலறினாள். "ஏட்டி எமல்டா, சுவரு போவுதுடி! பொய்க்குப் போவுமா? உசுரோட இருக்காவடி!"

எமல்டாவுக்குக் கோழி நினைவுக்கு வந்தது. வந்ததை அடித்துத் துரத்தினாள். ஒரே ஒரு நிமிடம், இந்த ஒரு நிமிடம் மட்டும் நம்பிக்கொள்கிறேன் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டாள், அந்த நிமிடம் நாற்பது நாள் நீண்டது.

வளவு அன்றைக்கே முடிவு செய்துவிட்டது. சுவர் நகர்கிறவரை கடலில் ஆள் இருக்கிறது. ஆள் இருக்கிறவரை கறுப்பு உடுத்தக்கூடாது, அடக்கப் பூசைக்குச் சொல்லக்கூடாது, பிள்ளைகளின் காதில் ஒரு சொல் விழக்கூடாது. முற்றத்தில் யாராவது மூக்கை உறிஞ்சினால்கூட கொர்னேலி அக்கா ஜலதோஷமா என்று சத்தமாகக் கேட்டாள். பங்குச்சாமியாரும் பூசையைத் தள்ளிப்போட்டார். திருவருகைக் காலம் காத்திருப்பின் காலம் என்று ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார், சொல்லும்போது எமல்டா இருந்த பக்கம் பார்க்கவில்லை. தோணியில் போன மற்ற ஐந்து பேரின் வீட்டாரும் ஏழு மணிக்கு வந்து முற்றத்தில் நின்று சுவர்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய் உலை வைத்தார்கள். வியாகுலம் மட்டும் போக மாட்டாள். வாசற்படிக்கு வெளியே குத்தவைத்து, கடைசிப் பிள்ளையின் நன்றி முடிகிறவரை இருப்பாள்.

டெரன்ஸ்தான் திட்டத்தைக் கண்டுபிடித்தவன். அப்பா விட்டுப்போன கயிற்றால் மணலை அளந்து, சுவரிலிருந்து கடல்வரை இருநூற்று எழுபது சாண் என்று அறிவித்தான். "நம்ம எல்லாரும் தினமும் நெறைய நன்றி சொன்னா வீடு கடலுக்கே போயிரும். அப்பா தோணியை நேரா நம்ம ஜன்னல்லயே கட்டிருவாரு. நடக்கவே வேண்டாம்," என்றான். ஆளுக்கு ஒரு நன்றி என்ற வழக்கம் அன்றோடு போயிற்று. அப்பாவுக்கு நீச்சல் தெரியும், நன்றி. தோணியில வெங்காயம் இருக்கு, அப்பா பசிச்சா சாப்பிடுவாரு, நன்றி. செங்கல் இருக்கு, அதை வச்சு அப்பா தீவுல வீடு கட்டியிருப்பாரு, நன்றி. இன்னைக்கு வெயில் இல்ல, அப்பாவுக்குச் சுடாது. இன்னைக்கு வெயில் அடிக்கி, அப்பா சட்டை காஞ்சிருக்கும். ஜூடித்தும் டெரன்ஸும் மாறி மாறிச் சொல்லச் சொல்ல, சுவர் மூச்சுவாங்கிக்கொண்டு கிழக்கே நடந்தது, ஒவ்வொரு நன்றியும் அதற்கு ஓர் அடி போலவும், அதற்கும் அங்கே யாரோ காத்திருப்பது போலவும்.

ரெனிட்டா மட்டும் வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டாள். செய்தி வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, "நான் மனசுக்குள்ள சொல்லிக்கிடுதேன்," என்றாள். அவள் கண்ணை மூடித் திறந்தால் சுவர் மூன்று சாண், சில நாள் நான்கு. இந்தப் பிள்ளை அப்பனைக் கனவில் பார்க்கிறது, அதைத்தான் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு நன்றி சொல்கிறது என்று முற்றத்தில் பேசிக்கொண்டார்கள்.

வலைக்காரர்கள் வலை காயப்போடும் இடத்தைத் தெற்கே மாற்றிக்கொண்டார்கள். ஊர்க் கமிட்டி கூடி, வீட்டுக்கு வழிவிட்டு எட்டு வள்ளங்களை ஒதுக்கிப் போடுவது என்று தீர்மானித்தது, ஒதுக்கும்போது யாரும் ஏலேலோ பாடவில்லை, சும்மா தள்ளினார்கள். குருசடி இருந்த இடத்துக்குச் சுவர் வந்தபோது என்ன செய்வது என்று சாமியாரைக் கேட்கப் போனார்கள், திரும்பி வருவதற்குள் குருசடி வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து மெழுகுதிரி ஏற்ற வருகிறவர்கள் எமல்டாவின் அடுப்பைத் தாண்டி, மாவு புளித்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே நடந்து போனார்கள். ஒரு தென்னையும் உள்ளே வந்தது, கூரை அதன் கழுத்தைச் சுற்றி வளர்ந்துகொண்டது. இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளக்கவில்லை. தேங்காய் விழுந்து பிள்ளை தலையில் பட்டுவிடப் போகிறது, பறித்துவிடு என்றார்கள்.

எமல்டா பழையபடி இருந்தாள். பழையபடி இருப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அந்த நாற்பது நாளில் அவள் கற்றாள். ஷூவுக்குப் பாலீஷ் போடாததற்குத் திட்டினாள், தலையில் பேன் வந்ததற்குத் திட்டினாள், கிளாட்வினின் நான்கு சட்டைகளையும் துவைத்து இஸ்திரி போட்டு அடுக்கி, ஒரு வாரம் கழித்து யாரும் உடுத்தாத அவற்றை மறுபடி துவைத்தாள். பிள்ளைகள் பார்க்கும்போது பாட்டு முனகினாள், அவளுக்குப் பாட்டு வராது என்பது வளவுக்கே தெரியும். தன் முறை வந்தால் மட்டும் தலைவலி என்றாள். முன்பு ஐந்து பேர் முட்டிக்கொண்டு கிடந்த வீடு இப்போது தெருவளவு நீளம். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் பாய் போட்டுக்கொண்டார்கள், கேட்டால் இடம் இருக்கே என்றார்கள். அடுப்படியிலிருந்து அவள் கத்திக் கூப்பிட்டாலும் அந்தக் கோடிக்குக் கேட்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் காலையில் கிழக்குச் சுவரின் அடி நனைந்திருந்தது. ஜன்னலில் மணல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. அன்று மாலையும் சுவர் ஒன்பது சாண் போனது. சுவருக்கு அடியிலிருந்து நுரை உள்ளே வந்து குருசடியின் படியைத் தொட்டுவிட்டுப் போனது. ஜூடித் குதித்துக் குதித்துக் கை தட்டினாள். டெரன்ஸ் ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டு வைத்தான், அப்பா வந்தால் தேடக் கூடாதென்று.

நாற்பதாம் நாள் மத்தியானம் கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். வீடு இனிக் கடலில் இறங்கும், அது மரத்தைப்போல மிதக்குமா கல்லைப்போலப் போகுமா என்று பேசினார்கள். மிதக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். சாமியார், "விசுவாசம்..." என்று தொடங்கி, எமல்டாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஃபாதர், நாளைக்கு அடக்கப் பூசை வைக்க முடியுமா?" என்று கேட்டாள் எமல்டா.

ஒவ்வொருவராக நழுவினார்கள். கொர்னேலி அக்காகூட. எல்லாரும் போனபின் வியாகுலம் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"பிள்ளைககிட்டச் சொல்லப் போறியா?"

"இன்னைக்குச் சொல்லிருவேன்க்கா."

"சொல்லாத." அவள் வாசற்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ எமல்டா, ஒனக்கு மூணு இருக்கு. எனக்கு இந்தச் சுவத்துச் சத்தம் ஒண்ணுதான் இருக்கு. ஒம் பிள்ளைக சொல்லுறதைக் கேட்டுட்டுப் போய்த்தான் நான் உலை வைக்கேன். கிளாட்வினுக்கு வெயில் அடிச்சா எம் மவனுக்கும் அடிக்கும்லா? அவன் வெங்காயம் தின்னா இவனும் திம்பாம்லா? இன்னும் பத்து நாள் போவட்டும். கிறிஸ்மஸ் போவட்டும்."

"வீடு தண்ணிக்குள்ள போயிரும்க்கா. பிள்ளைக உள்ள இருக்கு."

"போவாது. சுவரு பொய் சொல்லாது."

எமல்டாவுக்குப் பொறுமை என்பது என்றைக்கும் கிடையாது, அன்று சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் அவள் படியில் உட்கார்ந்து, வியாகுலத்தின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, கோழிக் கதையைச் சொன்னாள். குழம்பு, ஜூடித், அம்மா வீடு, புழு, ஒரு சாண். வியாகுலம் கடைசிவரை கேட்டாள். 

"அது கோழி," என்றாள்.

"ஆமாக்கா," என்றாள் எமல்டா. "அது கோழி."

ஏழு மணிக்கு முற்றம் வழக்கம்போல நிறைந்தது. எமல்டா மூன்று பிள்ளைகளையும் மூன்று மூலைகளிலிருந்து கூப்பிட்டு, ஒரே பாயை விரித்து, அதில் உட்காரச் சொன்னாள். ஜெபமாலையை எடுக்கவில்லை. அடுப்பில் உலையும் வைத்திருக்கவில்லை. கட்டிய தாலியிலிருந்து ஞானஸ்நானம் வரை எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் செய்தே பழகியவள், இதையும் அப்படித்தான் செய்தாள், ஏனென்றால் மெல்லச் சொன்னால் பாதியில் நின்றுவிடும்.

"அப்பா போன தோணி முங்கிருச்சு. அப்பா செத்துப்போயிட்டாரு. அம்மாவுக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம இருந்துட்டேன். அது தப்பு."

டெரன்ஸ் எழுந்து போனான். அந்த நீள வீட்டை முழுக்க நடந்து ஜன்னலுக்குப் போய், கம்பியில் கட்டிய கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான், முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தான், அப்புறம் கயிற்றை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து, "போதும்! போதும்! நில்லு!" என்று கத்தினான். அலை வந்து ஜன்னலுக்குக் கீழே அடித்தது. கொர்னேலி அக்கா ஓடிப்போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய், அவனைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் விட்டாள்.

ஜூடித் யோசித்தாள். "நாளைக்கு வருவாரா?"

"வர மாட்டாரு."

"நாளான்னைக்கு?"

"வர மாட்டாரு."

"ஞாயித்துக்கிழமை?"

"வர மாட்டாரு."

"கிறிஸ்மஸுக்கு?"

"வர மாட்டாரு."

"எம் பெறந்த நாளைக்கு?"

"வர மாட்டாரும்மா."

ஜூடித்துக்குத் தெரிந்த நாட்கள் அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க நாள் இல்லாமல் அவள் எமல்டாவின் மடியில் ஏறிப் படுத்துக் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள். வாசற்படிக்கு வெளியே வியாகுலம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருந்தாள், அதையும் மீறி வந்த சத்தம் மனிதர் போடும் சத்தம் போலவே இல்லை; முற்றத்தில் ஒருவர் பின் ஒருவராகத் தலையில் முக்காடு போட்டார்கள்.

ரெனிட்டா அசையவில்லை. சம்மணம் போட்டு, முழங்கால்மேல் கையை வைத்து, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கக் காத்திருக்கும் பிள்ளைபோல நேராக உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அப்பா செத்தது. அஞ்சாவது படிக்கிற அக்கா ஒருத்தி சொன்னா. அவங்கப்பா சங்கத்துல இருக்காரு. யார்ட்டயும் சொல்லாதேன்னா."

"என்னைக்கு?"

"ரொம்ப நாள் ஆச்சு. மூணாவது நாளே."

 முப்பத்தேழு மாலைகள் இந்தப் பிள்ளை கண்ணை மூடித் திறந்ததும், சுவர் மூன்று சாண் நான்கு சாண் என்று போனதும் ஒவ்வொன்றாக எமல்டாவின் முன்னால் வந்து நின்றன. சுவருக்கு வேறெதுவும் தெரியாவிட்டாலும், நெஞ்சில் இல்லாததைச் சொன்னால் அது நகராது.

"அப்ப தினமும் மனசுக்குள்ள என்னடி சொன்ன? எதுக்கு நன்றி சொன்ன?"

ரெனிட்டா பாயின் கோரை ஒன்றைப் பிய்த்தாள். பிறகு, மாட்டிக்கொண்ட குரலில், சின்னதாகச் சொன்னாள்.

"நீங்க அப்பா சட்டைய தேச்சு வச்சிக்கிட்டிருந்தீங்க. பாட்டுப் படிச்சீங்க. என்னைப் பேன் எடுக்க உக்காத்தி வச்சு ஏசுனீங்க. உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லலன்னு நெனச்சேன். 'இன்னைக்கும் எங்கம்மாவுக்குத் தெரியாது, நன்றி ஏசப்பா'ன்னு சொன்னேன்."

அன்று சுவர் நகர்ந்ததா என்று பின்னால் வளவில் விவாதம் நடந்தது. இல்லை என்றார்கள் சிலர், அலைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றார்கள் சிலர், காலையில் போய்ச் சாண் போட கொர்னேலி அக்காவுக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்தவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. எமல்டா ஒரு கையில் ஜூடித்தையும் மறு கையில் டெரன்ஸையும் வைத்துக்கொண்டு, மூத்தவளைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாமல், முழங்காலாலேயே நகர்ந்து அவள் முன்னால் வந்து, நெற்றியை அவள் நெற்றியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள். "எல்லாம் தெரியும். இனி நான் பாத்துக்கிடுதேன். நீ அழு."

ரெனிட்டா தலையைப் பின்னால் இழுத்து, உண்மையிலேயே தெரியுமா என்று தாயின் முகத்தை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு அழுதாள்.